ஒரு கணத்தைப் பிடித்து வைக்கும் சுற்று

சின்தசைசர் கட்டக் கற்றுக்கொள்ள வரும் பிள்ளைகள் பெரும்பாலும் ஆசிலேட்டரில்தான் தொடங்குகிறார்கள். மின்சாரம் கொடுத்ததும் சத்தம் வரும், மனசு நிறையும். அது முடிந்ததும் அடுத்து என்ன செய்யலாம் என்று கேட்பார்கள். சாம்பிள் அண்ட் ஹோல்டு செய் என்பேன். ஒரு ஸ்விட்ச், ஒரு கெப்பாசிட்டர், ஒரு பஃபர் என்று மூன்று உறுப்புகளில் முடிகிற சுற்று அது. ஆனாலும் மின்னணுவியலில் கண்ணுக்குத் தெரியாத கசிவுகளை இவ்வளவு கறாராகக் காதுக்குச் சொல்லித்தரும் சுற்று வேறொன்றை நான் அறியேன். அதைச் செய்ய உட்காருகிறவர்களுக்கு நான் சொல்வது இவை.

1. கையில் எடுக்கும் முன் வாயால் சொல்லிப் பார்.

ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும் ஒரு மின்னழுத்தம் உள்ளே வருகிறது. கிளாக் தட்டும்போது ஸ்விட்ச் ஒரு நொடியின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரம் மூடுகிறது. அந்தக் கணத்தில் இருந்த மின்னழுத்தம் கெப்பாசிட்டரில் ஏறிக்கொள்கிறது. ஸ்விட்ச் திறக்கிறது. அடுத்த தட்டு வரும்வரை கெப்பாசிட்டர் அதே மதிப்பை வைத்திருக்கிறது. பஃபர் அந்த மதிப்பைத் தொந்தரவு செய்யாமல் பார்த்து, அதன் நகலை வெளியே தருகிறது. வெளிவரும் அலை படிக்கட்டு வடிவில் இருக்கும். அதை ஆசிலேட்டரின் சுருதிக்குக் கொடுத்தால் தாவும் சுரங்கள். ஃபில்டருக்குக் கொடுத்தால் தட்டுக்குத் தட்டு மாறும் நிறம். இந்த ஆறேழு வாக்கியங்களைத் தாளைப் பார்க்காமல் உன்னால் சொல்ல முடிந்தால் வரைபடம் பாதி புரிந்துவிட்டது.

2. உன் உழைப்பில் முக்கால் பங்கை வைத்திருப்பதற்குச் செலவிடு.

எடுப்பது எளிது. எந்த ஸ்விட்சும் எடுக்கும். வைத்திருப்பதில்தான் சுற்றுக்குச் சுற்று தரம் மாறுகிறது. ஸ்விட்சின் ஒரு கால், கெப்பாசிட்டரின் ஒரு கால், பஃபரின் உள்ளீட்டுக் கால் மூன்றும் கூடும் அந்த ஒரு முனை இருக்கிறதே, அதைத்தான் இனிமேல் ‘பிடிமுனை’ என்று சொல்லப்போகிறேன். இந்தச் சுற்றின் தரம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

கணக்கைப் பார். சின்தசைசர் உலகில் பரவலான வழக்கம், ஒரு ஸ்தாயிக்கு ஒரு வோல்ட். ஒரு ஸ்தாயியில் பன்னிரண்டு சுரஸ்தானங்கள். ஆக ஒரு சுரஸ்தானத்துக்கு 83 மில்லிவோல்ட். கெப்பாசிட்டரில் மின்னழுத்தம் எவ்வளவு வேகமாக நகரும் என்பதற்குச் சூத்திரம் ஒன்றே: கசியும் மின்னோட்டத்தைக் கெப்பாசிட்டரின் அளவால் வகுக்க வேண்டும். 10 நானோஃபாரட் கெப்பாசிட்டர், மொத்தக் கசிவு 100 பிக்கோஆம்பியர் என்றால் நொடிக்கு 10 மில்லிவோல்ட். அதாவது ஒரு சுரஸ்தானம் நழுவ எட்டு நொடிக்கு மேல் ஆகும். அரை நொடிக்கு ஒருமுறை கிளாக் தட்டும் சுற்றில் இது காதில் படாது. அதே இடத்தில் பழைய 741 ஆப்-ஆம்பைப் போட்டுப் பார். அதன் உள்ளீடு சாதாரணமாக இழுப்பது 80 நானோஆம்பியர். நொடிக்கு 8 வோல்ட், நொடிக்கு எட்டு ஸ்தாயி! பிடித்த சுரம் பிடித்த மாத்திரத்தில் ஓடிவிடும். உறுப்புகள் எண்ணிக்கையில் மாற்றமில்லை, வயரிங்கில் மாற்றமில்லை; ஒரு ஐசியின் தேர்வு மட்டும் மாறியது.

சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸ் நிறுவனம் 1978-ல் வெளியிட்ட ப்ராஃபெட்-5 சின்தசைசருக்குள்ளும் சாம்பிள் அண்ட் ஹோல்டு சுற்றுகள் வரிசையாக இருந்தன. எண்ணை மின்னழுத்தமாக்கும் ஒரே ஒரு மாற்றியை வைத்துக்கொண்டு, அதன் வெளியீட்டை ஒவ்வொரு கட்டுப்பாட்டுக்குமான கெப்பாசிட்டரில் மாற்றி மாற்றி ஏற்றினார்கள். அங்கே மதிப்பு கசியும் முன் புதுப்பித்தல் வந்துவிடும். உன் சுற்றில் அப்படி யாரும் வந்து புதுப்பிக்கப்போவதில்லை. ஒருமுறை எடுத்ததை நொடிக்கணக்கில் தனியாக வைத்திருக்க வேண்டும். அதனால் நீ அவர்களைவிடக் கறாராக இருக்க வேண்டியிருக்கிறது.

3. கெப்பாசிட்டரை அதன் அளவை வைத்து மட்டும் வாங்காதே.

எலக்ட்ரோலிட்டிக் வேண்டாம், அது கசியும். மலிவான வட்டச் செராமிக்கும் வேண்டாம். அதன் மதிப்பு மின்னழுத்தத்தோடும் வெப்பத்தோடும் சேர்ந்து மாறும். பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலிஸ்டைரீன் கிடைத்தால் அதுவே சிறந்தது. கிடைக்காவிட்டால் சாதாரண பாலியெஸ்டர் போதும், தயங்காமல் போடு.

பாலிப்ரொப்பிலீனை ஏன் உயர்த்திச் சொல்கிறேன் என்றால், கெப்பாசிட்டருக்குப் பழைய நினைவு உண்டு. 8 வோல்ட்டில் வெகுநேரம் இருந்த கெப்பாசிட்டரைச் சட்டென்று 2 வோல்ட்டுக்கு இறக்கி விட்டுவிட்டால், அது மெல்ல மேலே ஊர்ந்து வரும். தகடுகளுக்கு நடுவிலுள்ள பொருள் உறிஞ்சி வைத்திருந்த மின்னூட்டம் தாமதமாகத் திரும்புவதால் வருவது இது. பாலிப்ரொப்பிலீனில் இது மிகச் சிறிது, பாலியெஸ்டரில் கொஞ்சம் கூடுதல், செராமிக்கின் சில வகைகளில் தாங்க முடியாத அளவு. சுரம் ஒவ்வொரு முறையும் முந்தைய சுரத்தின் பக்கமாகச் சாய்ந்தால் கசிவைச் சந்தேகிக்காதே. கசிவு எப்போதும் ஒரே திசையில் இழுக்கும். நினைவு பழைய மதிப்பின் பக்கம் இழுக்கும்.

அளவு எவ்வளவு? 10 நானோஃபாரட்டில் தொடங்கு. பெரிதாக்கினால் நெடுநேரம் தாங்கும், ஆனால் ஏற நேரமாகும். சிறிதாக்கினால் சட்டென்று ஏறும், சட்டென்று நழுவவும் செய்யும். சிறியதில் இன்னொரு தொல்லையும் உண்டு. ஸ்விட்ச் திறக்கும்போது அதன் கட்டுப்பாட்டுக் காலிலிருந்து ஒரு துளி மின்னூட்டம் பிடிமுனைக்குத் தாவும். 10 பிக்கோகூலம் தாவுவதாக வைத்துக்கொள். 10 நானோஃபாரட்டில் அது 1 மில்லிவோல்ட், யாருக்கும் கேட்காது. 100 பிக்கோஃபாரட்டில் 100 மில்லிவோல்ட், ஒரு சுரஸ்தானத்துக்கும் மேல் பிசகிவிடும்.

4. பஃபருக்கு டிஎல்சி272 போடு.

கடையில் எல்லோரும் கையில் வைத்திருப்பது டிஎல்072. அதுவும் உள்ளீட்டில் மிகக் குறைவாகவே இழுக்கும். இரட்டை மின்வழங்கியில் அருமையாக வேலை செய்யும். ஆனால் நீ முதலில் கட்டப்போவது ஒற்றை 12 வோல்ட்டில். அங்கே டிஎல்072-இன் உள்ளீடு தரை மட்டத்துக்கு அருகில் போனால் அது தடுமாறும். வெளியீடு திடீரென்று தலைகீழாகப் பாயவும் கூடும். கீழ்ச்சுரம் வர வேண்டிய இடத்தில் உச்சத்தில் ஒரு கீச்சு கேட்கும், காரணம் தெரியாமல் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருப்பாய். டிஎல்சி272 தரை மட்டம்வரை இறங்கும், 16 வோல்ட்வரை ஏற்கும், உள்ளீட்டில் இழுப்பது ஒரு பிக்கோஆம்பியரை ஒட்டிய அளவுதான். ஒரே ஐசியில் இரண்டு ஆப்-ஆம்ப் இருப்பதால் ஒன்று நுழைவாயிலுக்கும் மற்றது பிடிமுனைக்கும் ஆகிவிடும். கிடைக்காவிட்டால் சிஏ3140 இரண்டு வாங்கு. அதன் கால்களின் அமைப்பு வேறு என்பதை மட்டும் நினைவில் வை.

எல்லாவற்றையும் ஒரே எட்டுக்கால் ஐசியில் அடக்கிய எல்எஃப்398 என்று ஒன்று உண்டு, நல்ல சரக்கு. இரண்டாவது சுற்றுக்கு அதை வாங்கிக்கொள். முதல் சுற்றை உறுப்பு உறுப்பாகக் கட்டினால்தான் பிடிமுனையின் குணம் கைக்குத் தெரியும்.

5. இணைப்பு இதுதான்.

மின்சாரத்துக்கு 12 வோல்ட் அடாப்டர் போதும். வீட்டு 230 வோல்ட்டைத் தொடும் எதையும் நீயாகக் கட்டாதே. அடாப்டர் நுழையும் இடத்தில் 1என்4001 டயோடு ஒன்றைத் தொடரில் போடு. முனை மாறிச் செருகினாலும் ஐசிகள் பிழைக்கும். ஒவ்வொரு ஐசியின் மின்கால்களுக்கு அருகிலும் 100 நானோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று.

உள்ளே வரும் சைகை 10 கிலோஓம் வழியாக டிஎல்சி272-இன் 3-ஆம் காலுக்குப் போகட்டும். 1-ஆம் காலையும் 2-ஆம் காலையும் சேர்த்துவிடு. இது நுழைவுப் பஃபர். 1-ஆம் காலிலிருந்து 1 கிலோஓம் ரெசிஸ்டர் வழியாக சிடி4066-இன் 1-ஆம் காலுக்கு. 4066-இல் நான்கு ஸ்விட்சுகள் உண்டு. 1-க்கும் 2-க்கும் நடுவில் இருப்பது முதல் ஸ்விட்ச், அதைக் கட்டுப்படுத்துவது 13-ஆம் கால். 2-ஆம் காலிலிருந்து டிஎல்சி272-இன் 5-ஆம் காலுக்கு. அதே இடத்திலிருந்து 10 நானோஃபாரட் தரைக்கு. இதுவே பிடிமுனை. 6-ஆம் காலையும் 7-ஆம் காலையும் சேர். 7-இலிருந்து 1 கிலோஓம் வழியாக வெளியீடு. 4066-இல் தரை 7, மின்சாரம் 14. டிஎல்சி272-இல் தரை 4, மின்சாரம் 8.

உள்ளே வருவது 0 முதல் 10 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். 4066 தன் மின்வழங்கியின் எல்லைக்கு வெளியே போகும் சைகையைத் தாங்காது. உன் ஆசிலேட்டர் இரண்டு பக்கமும் 5 வோல்ட் ஆடுகிறதென்றால் இரண்டு 100 கிலோஓம் எடு. ஒன்று சைகையிலிருந்து, மற்றது 12 வோல்ட்டிலிருந்து. இரண்டும் சந்திக்கும் இடத்தை 10 கிலோஓமின் முன் இணை. மின்னழுத்தம் 3.5-க்கும் 8.5-க்கும் நடுவில் அடங்கிவிடும்.

4066-இல் நீ பயன்படுத்தாத மூன்று ஸ்விட்சுகளின் கால்களையும், அவற்றின் கட்டுப்பாட்டுக் கால்களையும் தரையில் கட்டு. சிமாஸ் ஐசியின் உள்ளீட்டுக் காலை அந்தரத்தில் விடுவது தீராத தொல்லை. அது தானாக ஆடும், ஐசி சூடாகும், பக்கத்துக் காலுக்கும் அந்த ஆட்டம் பரவும்.

6. கிளாக்கைக் கூர்மையாக்கு.

சதுர அலையை நேராக ஸ்விட்சின் கட்டுப்பாட்டுக்குக் கொடுத்தால் என்ன ஆகும்? அலை மேலே இருக்கும் பாதி நேரம் முழுக்க ஸ்விட்ச் மூடியிருக்கும், உள்ளே வருவது அப்படியே வெளியே போகும். பாதி நேரம் ஓட்டம், பாதி நேரம் நிறுத்தம். அதற்கும் இசையில் இடமுண்டு. ஆனால் உனக்கு வேண்டிய படிக்கட்டு அது இல்லை.

சிடி40106 ஒன்று வாங்கு. உள்ளே ஆறு ஷ்மிட் இன்வெர்ட்டர்கள். முதலாவதை ஆசிலேட்டர் ஆக்கு: 1-ஆம் காலிலிருந்து தரைக்கு 1 மைக்ரோஃபாரட், 1-க்கும் 2-க்கும் நடுவில் 10 கிலோஓம் ரெசிஸ்டரும் 1 மெகாஓம் பொட்டென்ஷியோமீட்டரும் தொடராக. நொடிக்கு ஏறத்தாழ ஒரு தட்டிலிருந்து நூறைத் தாண்டும்வரை கிடைக்கும். ஐசிக்கு ஐசி கொஞ்சம் மாறும். 2-ஆம் காலிலிருந்து 1 நானோஃபாரட் வழியாக வந்து, அங்கிருந்து தரைக்கு 100 கிலோஓம் போடு. அந்தச் சந்திப்பிலிருந்து 10 கிலோஓம் வழியாக 3-ஆம் காலுக்கு. 4-ஐ 5-உடன் சேர். 6-ஆம் கால்தான் 4066-இன் 13-க்குப் போக வேண்டியது. மீதி மூன்று உள்ளீடுகளான 9, 11, 13 மூன்றையும் தரையில் கட்ட மறக்காதே.

1 நானோஃபாரட்டும் 100 கிலோஓமும் சேர்ந்தால் 100 மைக்ரோ நொடி. பல்ஸ் ஏறக்குறைய அந்த அகலத்தில் வரும். அது போதுமா? தொடரில் உள்ள 1 கிலோஓமோடு ஸ்விட்சின் சொந்தத் தடை நூற்றுச்சொச்சம் ஓமையும் சேர்த்து 10 நானோஃபாரட்டால் பெருக்கினால் 12 மைக்ரோ நொடிக்குள். பல்ஸ் அதைப் போல எட்டு மடங்கு நீளம். கெப்பாசிட்டர் சேர வேண்டிய இடத்தை அதற்குள் நன்றாகவே எட்டிவிடும். பின்னால் கெப்பாசிட்டரைப் பெரிதாக்க ஆசை வந்தால் பல்ஸையும் அதே விகிதத்தில் அகலமாக்கு.

7. பிடிமுனையை எதுவும் தொட விடாதே, மல்டிமீட்டர் உட்பட.

எல்லோரும் சறுக்கும் இடம் இது. சுற்று சரியாக வேலை செய்யும். சந்தேகத்தில் மீட்டரின் முனையைக் கெப்பாசிட்டர்மேல் வைப்பார்கள். மின்னழுத்தம் கரைந்து போகும். சுற்று கெட்டுவிட்டது என்று பிரித்துப் போடுவார்கள். சாதாரண டிஜிட்டல் மீட்டரின் உள்தடை 10 மெகாஓம். 10 நானோஃபாரட்டோடு சேர்ந்தால் பத்தில் ஒரு நொடியில் பெரும்பகுதி வடிந்துவிடும். ஓசிலாஸ்கோப்பின் பத்து மடங்கு ப்ரோபும் அதே 10 மெகாஓம்தான். அளப்பதானால் பஃபரின் வெளியீட்டில் அள. பஃபர் இருப்பதே அதற்காகத்தானே.

அடுத்தது போர்டு. சால்டரிங் செய்தபின் மிஞ்சும் பிசின் பளபளப்பாக, தீங்கில்லாததுபோல் இருக்கும். காற்றின் ஈரத்தைப் பிடித்ததும் அது ஒரு ரெசிஸ்டராகிவிடும். 1 ஜிகாஓம் கசிவு என்றால் கேட்பதற்கு ஒன்றுமில்லை போலத் தோன்றும். ஆனால் 5 வோல்ட்டில் அது 5 நானோஆம்பியர்; நொடிக்கு அரை வோல்ட், அதாவது நொடிக்கு ஆறு சுரஸ்தானம். சென்னை, தூத்துக்குடி மாதிரிக் கடலோர ஊர்களில் கட்டுகிறவர்கள் இதை இரட்டிப்பாகக் கவனிக்க வேண்டும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலும் பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷும் கொண்டு பிடிமுனையின் சுற்றுப்புறத்தை இரண்டு பக்கமும் தேய்த்துக் கழுவி நன்றாக உலரவிடு. கழுவியபின் அந்த இடத்தில் விரல் வைக்காதே. வியர்வையின் உப்பு பிசினைவிட மோசம். சித்திரை வெயிலில் ஐசிக்குள்ளேயே கசிவு கூடும். பத்து டிகிரி வெப்பம் ஏறினால் கசிவு ஏறத்தாழ இரண்டு மடங்கு. மார்கழியில் சரியாக இருந்த சுற்று கோடையில் நழுவினால் இதுவும் ஒரு காரணம்.

இவற்றுக்கெல்லாம் மேலாக நான் விரும்பும் வழி போர்டையே தவிர்ப்பது. 4066-இன் 2-ஆம் காலையும் டிஎல்சி272-இன் 5-ஆம் காலையும் சாக்கெட்டில் செருகாமல் மேலே மடக்கி, கெப்பாசிட்டரின் காலோடு சேர்த்து அந்தரத்தில் பற்றவை. காற்றைவிடச் சிறந்த காப்பு இந்த வேலைக்கு இல்லை. பார்க்க அழகாக இராது. அச்சிட்ட போர்டு போடும் நாள் வந்தால் பிடிமுனையைச் சுற்றி ஒரு செம்புக் கோடு வளையமாகப் போட்டு அதைப் பஃபரின் வெளியீட்டோடு இணை. முனையிலும் வளையத்திலும் ஒரே மின்னழுத்தம் இருப்பதால் நடுவே மின்னோட்டம் பாயக் காரணமே இராது.

8. சோதனையை எளியதிலிருந்து தொடங்கு.

முதலில் கிளாக் மட்டும். 40106-இன் 2-ஆம் காலில் 4.7 கிலோஓமோடு ஒரு எல்ஈடி வை. மெதுவாக வைத்தால் கண் சிமிட்டும். பிறகு உள்ளீட்டில் இரைச்சலையோ அலையையோ கொடுக்காதே. ஒரு பொட்டென்ஷியோமீட்டரின் நடுக்காலைக் கொடு. கிளாக்கை மிக மெதுவாக்கி, கையால் குமிழைத் திருப்பு. நீ திருப்பும்போது வெளியீடு அசையக் கூடாது. தட்டு விழுந்ததும் தாவ வேண்டும். மீட்டரை வெளியீட்டில் வைத்து அந்தத் தாவலைப் பார். இதைப் பார்க்கும் வரை அடுத்த படிக்குப் போகாதே.

கசிவை அளக்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. வெளியீட்டை ஒரு ஸ்தாயிக்கு ஒரு வோல்ட் ஆசிலேட்டருக்குக் கொடு. ஒருமுறை பிடிக்கவிட்டு, 4066-இன் 13-ஆம் காலைக் கிளாக்கிலிருந்து பிரித்துத் தரையில் கட்டு. கைபேசியில் கிட்டார் சுருதி பார்க்கும் செயலியைத் திறந்து வைத்து, பத்து நொடியில் எத்தனை சென்ட் நகர்கிறது என்று எழுது. ஒரு சென்ட் என்பது 0.83 மில்லிவோல்ட். கழுவுவதற்கு முன்னும் பின்னும், கெப்பாசிட்டர் மாற்றுவதற்கு முன்னும் பின்னும் இதைச் செய். ஆசிலேட்டர் சூடேறும்போது தானாகவும் கொஞ்சம் நகரும். ஆகவே அரை மணி ஓடவிட்ட பிறகு அள.

9. இரைச்சலை ஒரு டிரான்சிஸ்டரிலிருந்து எடு.

ஒரு பிசி547 எடுத்து, பேஸைத் தரையில் கட்டி, எமிட்டரை 100 கிலோஓம் வழியாக 12 வோல்ட்டுக்குக் கொடு. கலெக்டரை எதிலும் இணைக்காதே. தலைகீழாக மின்னழுத்தம் ஏறிய அந்தச் சந்தி எட்டு வோல்ட் வாக்கில் உடைந்து சீறத் தொடங்கும். 9 வோல்ட் பேட்டரியில் பல டிரான்சிஸ்டர்கள் சீறாது. 12 வோல்ட் எடுக்கச் சொன்னதற்கு இது ஒரு காரணம். எமிட்டரிலிருந்து 100 நானோஃபாரட் வழியாக எடுத்து, 6 வோல்ட்டை நடுவாக வைத்த ஆப்-ஆம்பில் நூறு மடங்கு பெருக்கு. நடுவிலேயே ஆடுவதால் இங்கே டிஎல்072 தாராளமாகப் போடலாம். டிரான்சிஸ்டருக்கு டிரான்சிஸ்டர் சீற்றம் மாறும். ஒரு சாக்கெட் வைத்து ஐந்தாறை மாற்றிப் பார்த்து உரக்கச் சீறுவதை வைத்துக்கொள். சென்னையில் இருப்பவர்கள் ரிச்சி தெருவில் ஒரு பிடி வாங்கிவிடலாம், விலை ஒன்றுமில்லை.

இப்படிக் கிடைக்கும் இரைச்சலில் மதிப்புகள் சமமாகப் பரவியிருக்காது. நடுவைச் சுற்றியே அதிகம் விழும், ஓரங்கள் அரிது. எனக்கு அது பிடிக்கும்: மெல்லிசை ஒரு சுரத்தைச் சுற்றி உலவி, எப்போதாவது தூரத்துக்குத் தாவும். எல்லாச் சுரத்துக்கும் சம வாய்ப்பு வேண்டுமென்றால் வேகமான முக்கோண அலை ஒன்றைக் கிளாக்கோடு தொடர்பில்லாமல் ஓடவிட்டு அதை மாதிரி எடு. டான் புக்லா தம் சோர்ஸ் ஆஃப் அன்செர்ட்டன்ட்டி கருவியில் எந்த மதிப்புகள் அதிகம் வர வேண்டும் என்பதையே ஒரு குமிழால் திருப்பும்படி வைத்தார். தற்செயலுக்கும் ஒரு சாயல் உண்டு என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

10. சுருதிக்குக் கடைசியாகக் கொடு.

1971-ல் வந்த ஏஆர்பி 2600-இலும் அதற்கு அடுத்த ஆண்டு வந்த ஒடிசியிலும் சாம்பிள் அண்ட் ஹோல்டு உள்ளேயே இருந்தது. அதன் பிறகு படங்களில் கணினி ‘யோசிக்கும்’ காட்சி வந்தாலே தாறுமாறான பீப் பீப்தான். சுற்றைக் கட்டிய முதல் நாள் நீயும் அதைத்தான் செய்வாய், செய்து மகிழ்ந்துகொள். மறுநாள் ஃபில்டருக்குக் கொடு. ஒரே சுரத்தை நிலையாகப் பிடித்து, ஃபில்டரின் ஒத்ததிர்வை ஏற்றி, தட்டுக்குத் தட்டு அதன் வெட்டெல்லையை மாற்று. ஸ்ருதிப்பெட்டி மாதிரி நிற்கும் ஒரு நாதத்துக்குள் இத்தனை உயிரெழுத்துகளா என்று வியப்பாய். அதன் பிறகு சுருதிக்குத் திரும்பி வந்தாலும் குமிழை மிகக் குறைத்து வை. ஐந்தாறு மில்லிவோல்ட் மட்டும் போனால் ஒவ்வொரு சுரமும் மயிரிழை வேறாக ஒலிக்கும்.

இரைச்சலை விட்டுவிட்டு ரம்ப அலையை மாதிரி எடுத்துப் பார். என்னைக் கேட்டால் இந்தச் சுற்றின் உண்மையான செல்வம் இதில்தான் இருக்கிறது. 0-விலிருந்து 1 வோல்ட்வரை ஏறும் ரம்ப அலை ஒரு சுற்று சுற்றுவதற்குள் கிளாக் 12 முறை தட்டினால் பன்னிரண்டு சுரஸ்தானங்களும் வரிசையாக வரும். 7 முறை தட்டினால் எந்த ராகத்துக்கும் கட்டுப்படாத, ஏழு சமபங்காக உடைந்த ஸ்தாயி வரும். 12-க்குப் பதில் 11.9 என்று சற்றே விலக்கினால் தொடர் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் நகர்ந்துகொண்டே போகும்.

இன்னும் விந்தையானது, இரண்டின் வேகமும் நெருங்கும்போது நடப்பது. ரம்பம் நொடிக்கு 5 முறை ஏறட்டும், கிளாக் நொடிக்கு 4.9 முறை தட்டட்டும். பத்து நொடி நீளும் ஏறுபடிக்கட்டு கிடைக்கும். கிளாக்கை 5.1 ஆக்கு. அதே ஏறும் ரம்பம் பத்து நொடி நீளும் இறங்குபடிக்கட்டாக வெளியே வரும்! ஒவ்வொரு தட்டும் அலையின் முந்தைய சுற்றைவிடச் சற்று முன்னதாக விழுவதால் அலை பின்னோக்கி நடப்பதாகத் தெரிகிறது. எண்முறை ஒலிப்பதிவில் மாதிரி எடுக்கும் வேகத்தைப் பற்றி அவ்வளவு கவலைப்படுவது ஏன் என்பதை எந்தப் பாடப்புத்தகத்தைவிடவும் தெளிவாக இந்தக் குமிழ் உனக்குச் சொல்லும்.

11. முன்னால் போனவர்களைக் கேள்.

இந்தக் கருவிகள் எல்லாம் வெளியூர்ச் சங்கதி என்று நினைக்காதே. 1969-ல் அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் அமெரிக்க இசையமைப்பாளர் டேவிட் டியூடர் ஒரு மூக் சின்தசைசரை நிறுவினார். கீதா சாராபாய், ஐ.எஸ். மாத்தூர், அதுல் தேசாய், எஸ்.சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் அதில் வேலை செய்தார்கள். அந்த ஒலிநாடாக்கள் வெகுகாலம் ஆவணக்காப்பகத்தில் கிடந்தன. பால் பர்கஸ் தேடியெடுத்த பிறகு 2023-ல் ஒரு தொகுப்பு வெளியானது. சரண்ஜித் சிங் 1982-ல் ஜூபிட்டர்-8, டிபி-303, டிஆர்-808 மூன்றையும் வைத்துப் பத்து ராகங்களை வாசித்தார். அந்த ஜூபிட்டர்-8-இன் மெதுஅலைத் தேர்வுகளில் நான்காவது நீ இப்போது கட்டிய அதே தற்செயல் படிக்கட்டுதான்.

12. மீதி ஸ்விட்சுகளைச் சும்மா விடாதே.

4066-இல் இன்னும் மூன்று ஸ்விட்சுகள் தரையில் கட்டிக் கிடக்கின்றன. முதல் சுற்றின் வெளியீட்டை இரண்டாவது சாம்பிள் அண்ட் ஹோல்டின் உள்ளீட்டுக்குக் கொடு, அதன் வெளியீட்டை மூன்றாவதுக்கு. ஒவ்வொரு தட்டிலும் மதிப்பு ஒரு வீடு தள்ளிப்போகும். மூன்று ஆசிலேட்டர்களை இணைத்தால் முதலாவது பாடியதை இரண்டாவது ஒரு தட்டு தாமதித்துப் பாடும், மூன்றாவது இன்னொரு தட்டு தாமதித்து. செர்ஜ் செரெப்னினின் கருவிகளில் இதற்கென்றே ஒரு பகுதி உண்டு.

இதில் ஒரே ஒரு கட்டளையை மீறக் கூடாது. மூன்று ஸ்விட்சுக்கும் ஒரே பல்ஸைக் கொடுத்தால் மூன்றும் ஒன்றாக மூடி, புதிய மதிப்பு கடைசிவரை ஓடிவிடும். பல்ஸ் முதலில் மூன்றாவது ஸ்விட்சுக்குப் போக வேண்டும். அது மூடித் திறந்து முடிந்தபின் இரண்டாவதுக்கு, அதன் பிறகு முதலாவதுக்கு. 40106-இல் மிச்சமிருக்கும் மூன்று இன்வெர்ட்டர்களில் இரண்டே இதற்குப் போதும். ஒவ்வொரு பல்ஸின் இறங்குமுனையிலிருந்து அடுத்த பல்ஸைப் பிறப்பிக்க, 6-ஆம் அறிவுரையில் சொன்ன அதே 1 நானோஃபாரட்டும் 100 கிலோஓமும் போதும். அந்த 100 கிலோஓமைத் தரைக்குப் பதில் 12 வோல்ட்டுக்குக் கட்டி, ஒரு இன்வெர்ட்டர் மட்டும் வைத்தால் சரியாக வரும்.